அல்லி ஏரியின் கடைசி மூன்று நிமிடங்கள்

படம் எப்படி இருக்கிறது என்று ஜனங்களிடம் கேட்பதை எங்கள் கம்பெனி நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. கேட்டால் பொய் சொல்கிறார்கள். பக்கத்தில் மாமியார் நின்றால் ஒரு பதில், தனியாக இருந்தால் ஒரு பதில், மைக்கைக் கண்டால் முற்றிலும் வேறு பதில். அதனால் வாயை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு சீட்டின் கைப்பிடியிலும் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. கை அதன்மேல் பட்டால் போதும், நாடித் துடிப்பு, வியர்வை, விரல் நடுக்கம் எல்லாம் இயந்திரத்துக்குப் போய்விடும். அந்த இயந்திரத்துக்கும் நாடி என்றுதான் பெயர்.

நாடி ஒவ்வொரு காட்சிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். மார்க் குறைந்த இடத்தை மறுநாள் காலைக் காட்சிக்குள் தானே திருத்திவிடும். அனிமேஷன் படமென்றால் அதற்குக் கொண்டாட்டம். நடிகரைத் திரும்பக் கூப்பிட வேண்டாம், தேதி கேட்க வேண்டாம். பறவையின் மூக்கு பிடிக்கவில்லையா, நாளைக்கு வேறு மூக்கு.

இதற்குச் சட்டம் ஒரே ஒரு முட்டுக்கட்டைதான் போட்டது. இயந்திரம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மனிதர் நான். குணசீலன், வயது ஐம்பத்திரண்டு. தடாகம் மாலின் நான்காவது மாடித் தியேட்டரில், பின்வரிசைக்கு மேலே உள்ள கண்ணாடி அறையில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை வைப்பது என் உத்தியோகம். என் மனைவி என்னைக் ‘கைநாட்டு’ என்றுதான் கூப்பிடுகிறாள். பட்டதாரியை இப்படிக் கூப்பிடலாமா என்று ஒருமுறை சண்டை போட்டேன். பட்டத்தை என்றைக்காவது வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறீர்களா என்று கேட்டாள்.

தடாகம் மால் இருக்கும் இடத்தில் முன்பு ஒரு தடாகம் இருந்தது. நான் குடியிருப்பது ‘லேக் வியூ’ அடுக்ககத்தில், தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் தடாகம் மாலின் பின்புறச் சுவர் தெரியும். எதை மூடுகிறோமோ அதன் பெயரையே வைத்துவிடுவது எங்கள் பகுதியில் ஒரு மரியாதை.

அந்தத் தியேட்டருக்குத்தான் ‘நீலாவின் ஏரி’ வந்தது. எடுத்தவர் நிலோஃபர் என்கிற பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். பதினொரு பேரை வைத்துக்கொண்டு நான்கு வருடம் வரைந்திருக்கிறார். நீலா என்பது நீலத் தாழைக்கோழி என்கிற நீர்ப்பறவை, நீல உடம்பு, சிவப்பு மூக்கு, வாய் ஓயாத பேச்சு. அது வாழும் அல்லி ஏரியை மூட ஒரு பொக்லைன் இயந்திரம் வருகிறது. சண்டை நடக்கிறது, நீலா தோற்கிறது, ஏரி போய்விடுகிறது. குடும்பத்தோடு பார்க்கும் படத்தை இப்படி முடிக்கலாமா என்று கம்பெனியில் எல்லோரும் கேட்டார்கள்.

“முடியல சார். அதுக்கப்புறம் மூணு நிமிஷம் இருக்கு. அந்த மூணு நிமிஷத்துக்காகத்தான் மத்த தொண்ணூறு நிமிஷமும் எடுத்தேன்” என்றார் நிலோஃபர்.

ஒப்பந்தம் எல்லாப் படத்துக்கும் ஒன்றுதான். இருபத்தெட்டு நாள் நாடி படத்தைத் திருத்தும். இருபத்தெட்டாம் நாள் மிஞ்சுவதுதான் படம். மற்றவை வெறும் வரைவுகள். வரைவு வெளியே கசிந்தால் வம்பு என்பதால் மூலப் பிரதியிலிருந்தே அழித்துவிடுவார்கள். நிலோஃபர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். போடாவிட்டால் தியேட்டர் கிடையாது.

முதல் வாரத்தில் வெளியே வந்த ஜனங்கள் சொன்னதை நான் கேட்டேன். ஒரு அம்மா, “நல்ல மெசேஜ்ங்க. ஆனா கோழி கொஞ்சம் ஓவராப் பேசுது” என்றார். அவர் கணவர் ஏசி நன்றாக இருந்ததாகச் சொன்னார். படத்தில் ஏரிக்குள் மிதக்கும் பிளாஸ்டிக் குவளையைப் பார்த்து ‘ச்சீ’ என்று கத்திய ஒரு முழு வரிசை, எழுந்து போனபோது சீட்டுக்கு அடியில் பதினேழு குவளைகளை விட்டுவிட்டுப் போனது. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும் அழுதுகொண்டே வந்தது.

“நீலாவுக்காக அழறியா கண்ணு?” என்று கேட்டேன்.

“இல்ல. பொக்லைன் இன்னும் கொஞ்ச நேரம் தோண்டியிருக்கலாம்” என்றது.

அந்தக் குழந்தையைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் எங்கே பொக்லைன் மண் அள்ளினாலும் வண்டியை ஓரங்கட்டி இருபது பேர் நின்று பார்ப்பார்கள். ஆனால் நாடி போட்ட மார்க்குக்குக் காரணம் அது மட்டும் அல்ல. பொக்லைன் முதன்முதலில் ஏரிக்குள் இறங்கும் காட்சிக்குத் தொண்ணூற்றொன்று. படத்திலேயே அதிக மார்க். அந்தக் காட்சி எங்கே வருகிறது என்று பார்த்தால், சரியாக இடைவேளைக்கு முன்னால்.

நாடியைச் செய்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். படத்தை நடுவில் நிறுத்திவிட்டுப் பப்ஸ் தின்னப் போகும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. நம் ஆட்களுக்கோ விளக்கு எரியப்போகிறது என்பது உடம்புக்கே தெரியும். இடைவேளைக்கு இரண்டு நிமிடம் முன்னால் நாடி துடிக்கும், வாயில் நீர் ஊறும், குழந்தை சீட்டின்மேல் ஏறி நிற்கும். பப்ஸுக்கு விழுந்த மார்க்கையெல்லாம் நாடி பொக்லைனுக்குப் போட்டுவிட்டது.

கடைசி மூன்று நிமிடத்துக்கு நேர் எதிரான கதி. பார்க்கிங்கில் நெரிசல் வருமுன் வண்டியை எடுக்க வேண்டும் என்று பாதிப் பேர் கிளைமாக்ஸிலேயே எழுந்துவிடுகிறார்கள். கை தகட்டில் இல்லை. நாடி முதல் நாளே பதினொன்று போட்டு, அந்த மூன்று நிமிடத்தை வெட்டிவிட்டது.

இது எனக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் போடுவார்கள், அறிக்கை கேட்பார்கள், நீ எழுதிக் கொடு என்பார்கள். கட்டைவிரல் வைக்க ஒரு நொடிதான் ஆகும். வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் பொக்லைனுக்குக் கண் முளைத்தது. ஒன்பதாம் நாள் பேச ஆரம்பித்தது, கொஞ்சம் மழலையாக. பதினாலாம் நாள் ஒரு பாட்டு. அதற்குள் குழந்தைகள் அதற்குப் ‘பொக்கி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நாள் பொக்கி ஏரியை மூடிவிட்டு, மனம் நெகிழ்ந்து, அங்கே கட்டிய அடுக்ககத்தின் மொட்டைமாடியில் நீலாவுக்கு ஒரு நீச்சல் தொட்டி வெட்டித் தந்தது. நீலா நன்றி சொன்னது. தியேட்டரில் கைதட்டல். இருபத்துநான்காம் நாள் வந்த போஸ்டரில் பொக்கி முழு அகலத்துக்குச் சிரித்தது; நீலா அதன் கூரைமேல் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

நிலோஃபர் தினமும் வந்தார். கண்ணாடி அறையில் எனக்குப் பின்னால் நின்று பார்ப்பார். முதல் வாரம் சண்டை போட்டார், இரண்டாம் வாரம் கெஞ்சினார். மூன்றாம் வாரம் கேலிக்கு வந்துவிட்டார்.

“பொக்கிக்கு எப்ப சார் கல்யாணம்?” என்பார்.

“மார்க் வந்தா பண்ணிருவாங்க மேடம்” என்பேன். இருவரும் சிரிப்போம். எனக்குள் சிரிப்பு வராது.

இருபத்தாறாம் நாள் அவர் சிரிக்காமல் கேட்டார். “சார், ஒண்ணு கேக்கறேன். முதல் நாள் அந்த மூணு நிமிஷத்தை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்களே, உங்களுக்கு அதுல எது புடிக்கல?”

நான் கட்டைவிரல் வைக்கும் பலகையைத் துடைப்பதுபோல் பாவனை செய்தேன். உண்மை என்னவென்றால், அந்த மூன்று நிமிடத்தை நான் பார்த்ததே இல்லை. முதல் நாள் பொக்லைன் கடைசிக் கூடை மண்ணைக் கொட்டியதுமே எழுந்துவிட்டேன். என்னிடம் வண்டி கிடையாது, பார்க்கிங் கவலை கிடையாது. லிஃப்ட் நெரிசலுக்கு முன்னால் இறங்கினால் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கும். அவ்வளவுதான் காரணம். நான்கு வருட உழைப்பை ஜன்னல் சீட்டுக்காக வெட்டியிருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது. இடைவேளை, பப்ஸ், பார்க்கிங், மூன்றாம் நாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குத் திட்டே தேவலை.

“இப்ப ஏதாவது பண்ண முடியுமா?” என்று கேட்டார்.

ஒரு வழி இருந்தது. வெட்டிய காட்சியைக் கடைசி நாள் ஒரே ஒருமுறை திரும்பக் காட்டி மார்க் வாங்கலாம். மேல்முறையீட்டுக் காட்சி என்று பெயர். நூற்றைம்பது சீட்டும் நிரம்பியிருக்க வேண்டும். அறுபது மார்க் வந்தால் பழைய முடிவு நிரந்தரம், வராவிட்டால் அழிவு. அதற்கு மனுப்போட வேண்டியவர் கைநாட்டு அதிகாரி. இந்த ஆறு வருடத்தில் நான் ஒரு மனுவும் போட்டதில்லை. போட்டேன்.

இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கார்த்திகை மாத மழை காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. மழைக்குப் பயந்து வீட்டில் இருந்தது ஒரு காலம்; இப்போது மழைக்குப் பயந்து மாலுக்கு வருகிறார்கள். இரண்டேகால் மணிக் காட்சிக்குக் கூட்டம் நெருக்கியது. ஆனால் எண்ணிப் பார்த்தால் நூற்று நாற்பத்தொன்பது.

தியேட்டர் மேனேஜர் எட்வின் கண்ணாடி அறைக்கு ஓடிவந்தான். “சார், ஒரு ஆள் கம்மி. எறங்கி வந்து உக்காருங்க.”

“நான் அதிகாரிப்பா. நான் உக்காரலாமா?”

“கூடாதுன்னு ரூல்ல எங்கயும் இல்ல சார், பாத்துட்டேன். ஜே பதிமூணு. பாப்கார்ன் நான் தர்றேன்.”

படம் எடுத்தவர் உட்காரக்கூடாது என்று விதியில் இருந்தது. நிலோஃபர் கண்ணாடி அறையில் தனியாக நின்றார். நான் போய் ஜே பதிமூன்றில் உட்கார்ந்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு ஜனங்களோடு உட்கார்ந்து படம் பார்க்கிறேன். முன் சீட்டில் ஒரு குழந்தை பொக்கி பாட்டைக் கூடவே பாடியது. பக்கத்தில் ஒருவர் நீலா பேசும்போதெல்லாம் போனில் கிரிக்கெட் பார்த்தார். இடைவேளையில் பப்ஸ் எனக்குக் கிடைக்கவில்லை, தீர்ந்துவிட்டது.

நான்கு மணிக்குக் கடைசிக் கூடை மண் விழுந்தது. நீச்சல் தொட்டி வரவில்லை. வழக்கம்போல் ஜனங்கள் எழ ஆரம்பித்தார்கள். சீட்டுகள் மடங்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

திரையில் மழை பெய்தது. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. தண்ணீர் வருகிறது. முகம் கிடையாது, கண் கிடையாது, வெறும் தண்ணீர். வெளியூரிலிருந்து வீடு திரும்புகிற ஆள்போல் தெருத்தெருவாக நடந்து வருகிறது. ஏரி இருந்த இடத்துக்கு வருகிறது. அங்கே அடுக்ககம். கேட்டுக்கு வெளியே கொஞ்சம் நிற்கிறது. சுற்றிப் பின்பக்கம் போகிறது. அங்கேயும் சுவர். ஒரு தரைத்தள வீட்டின் வாசற்படியில் மெதுவாக ஏறுகிறது. கதவு திறக்கிறது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு ஆள் துடைப்பத்தால் அதைத் தள்ளுகிறான். தண்ணீர் படி இறங்கிக் கேட் வரைக்கும் போகிறது. போய், திரும்பிப் பார்க்கிறது. முகம் இல்லாத தண்ணீர் எப்படித் திரும்பிப் பார்க்கும் என்று கேட்காதீர்கள், பார்த்தது. பிறகு மறுபடி வந்து அந்தப் படியில் நின்றது.

மூன்று வருடத்துக்கு முன்னால், லேக் வியூ ஏ பிளாக்கில், நானும் துடைப்பத்தோடு நின்றேன். ‘போ, போ, சனியனே’ என்று தள்ளினேன். இரண்டு நாள் தள்ளினேன். அது எங்கே போகும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. இப்போது வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, யாரையோ வாசலோடு திருப்பி அனுப்பிவிட்ட துக்கம்தான் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் நூறு போன்கள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன.

மால் நிர்வாகத்தின் செய்தி. கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் மழைநீர் புகுந்துவிட்டது, மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறது, வாகனம் எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை, பாதுகாப்புக் கருதி இருக்கையிலேயே இருக்கவும். எழுந்தவர்கள் அத்தனை பேரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்துக்காரர் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு, “ஐயோ, வாங்கி நாலு மாசம்தான் சார் ஆவுது” என்றார். திரையில் தண்ணீர் படியேறிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பத்தொன்பது பேரும் அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள்.

விளக்கு எரிந்ததும் எட்வின் ஒரு காகிதத்தோடு பாய்ந்து வந்தான். “தொண்ணூத்தாறு சார்! நாடி வந்ததிலேருந்து எந்தப் படத்துக்கும் இப்படி வந்ததில்ல. ஜனங்க கதிகலங்கிட்டாங்கன்னு போட்டிருக்கு.”

“கலங்கினாங்கதான்” என்றேன்.

கண்ணாடி அறைக்கு ஏறிப்போனேன். நிலோஃபருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மேலேயிருந்து பார்த்தால் நூறு போன் வெளிச்சம் தெரியாமல் இருக்குமா?

“கார் முழுகினதுக்கு வந்த மார்க் இது, இல்லயா சார்?”

“ஆமா மேடம்.”

“அப்ப வேண்டாம். பப்ஸுக்கு வந்த மார்க்குல பொக்கி ஜெயிச்சதை நாலு வாரமா கேலி பண்ணினேன். பார்க்கிங்குக்கு வந்த மார்க்குல நான் ஜெயிச்சா, நானும் பொக்கியும் ஒண்ணுதான்.” குரல் உடைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கையொப்பப் பலகையில் ஒரு வாக்கியம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ‘இந்த உணர்வு காட்சியால் எழுந்தது என்பதை நான் கண்டறிந்தேன்.’ இதே வாக்கியத்தின் கீழ் ஆறு வருடமாகக் கட்டைவிரல் வைத்திருக்கிறேன். படித்தது அன்றுதான். வைத்தால் பொய். வைக்காவிட்டால் அந்தத் தண்ணீரை மறுபடியும் துடைப்பத்தால் தள்ளுவேன்.

நீட்டிய விரலை இழுத்துக்கொண்டு, சீட் வாரியான பதிவைத் திறந்தேன். நான்கு மணி இரண்டு நிமிடத்துக்குப் போன் அதிர்ந்திருக்கிறது. அந்த நொடியில் நூற்று நாற்பத்தொன்பது கோடுகள் ஒன்றாக மேலே பாய்ந்திருந்தன. ஒரே ஒரு கோடு மட்டும் அதற்கு நாற்பது நொடி முன்பே ஏறியிருந்தது. துடைப்பம் வந்த இடத்தில். போன் அதிர்ந்தபோது அது அசையவே இல்லை.

“மேடம், இங்க பாருங்க. ஒருத்தர் இருக்கார். செய்தி வர்றதுக்கு முன்னாடியே.”

நிலோஃபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். அந்தக் கோட்டை விரலால் தடவினார். “ஒரே ஒருத்தரா?”

“நூத்தம்பது பேருக்கு ஒருத்தர். அந்த ஒருத்தருக்காக நான் கையெழுத்துப் போட்டா அது பொய் ஆகாது. மத்தவங்களுக்கு எதனால வந்துதுன்னு கீழ எழுதிடறேன். பாத்துட்டு மேல இருக்கறவங்க என்னை என்ன வேணா பண்ணட்டும்.”

எழுதினேன். இடைவேளை, பப்ஸ், பார்க்கிங், மழை, நான் மூன்றாம் நாள் வாயைத் திறக்காதது, எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். இந்த வேலை எனக்கு இனி இருக்குமா என்று தெரியவில்லை. அதற்குக் கீழே கட்டைவிரலை வைத்தேன். பலகை பச்சையாக மாறியது. இனி அந்த மூன்று நிமிடத்தை யாராலும் அழிக்க முடியாது.

கீழே எட்வின் மெகாபோனில் ஜனங்களைப் படிக்கட்டு வழியாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தான். நிலோஃபர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கதவருகே நின்றார்.

“யாரு சார் அந்த ஒருத்தர்?”

“சீட் நம்பர்தான் வரும் மேடம். பேர் வராது” என்றேன், பலகையை அணைத்துவிட்டு.

“வண்டி இல்லாதவரா இருப்பார்.”

“இருக்கலாம்.”

“அந்தாளு துடைப்பத்தைப் பாத்ததும் ஒரு வாய் பாப்கார்னைப் போட்டுக்கிட்டு, படம் முடியற வரைக்கும் மெல்லவே இல்ல சார். இங்கேருந்து நல்லாத் தெரிஞ்சிது” என்றார் நிலோஃபர். “முழுங்கிட்டுப் போங்க. பஸ்ஸுல ஜன்னல் சீட் போயிடப் போவுது.”